குடா எலயில் அழகம்மா உட்கார்ந்திருந்த காலை

ஏழாங்கட்டைத் தோட்டத்தின் கீழ்க்கணக்கு என்னும் பிரிவில், அழகம்மா உட்கார்ந்து பார்த்தவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருடைய சாட்சியமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. பெரிய வெள்ளம் வந்த வருஷம் கோயில் படியில் அவர் உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் கண்டதாக ஒருவர் சத்தியம் செய்கிறார். அது குந்தியிருந்தது, உட்கார்ந்தது ஆகாது என்கிறார் இன்னொருவர். கொழும்பில் சாப்பாட்டுக் கடை ஒன்றில் வேலை செய்து, மாதம் இரண்டு நாள் வீட்டுக்கு வரும் அவருடைய கணவரைக் கேட்டால் கையை விரிக்கிறார். "நான் வர்ற ரெண்டு நாள்ல ஆறு தடவ வாசலக் கூட்டிருவா. ஒக்காந்தத நான் பாக்கல. தூங்குறப்பவும் காலு ஆடிக்கிட்டேதான் இருக்கும்."

இப்படிப்பட்ட ஒருவருக்கு நாற்பத்தெட்டாவது வயதில் ஓர் உத்தியோகம் வாய்த்தது. உட்கார்ந்தபடியே செய்ய வேண்டிய உத்தியோகம். அதுவும் வாயைத் திறக்காமல்.

இது எப்படி நடந்தது என்பதை முறையாகச் சொல்ல வேண்டும். நிவித்திகலயிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் குலுங்கினால் தோட்டத்துச் சந்தி வரும். அங்கிருந்து இறங்கி நடந்தால் குடா எல. யாரோ ஒரு காலத்தில் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோக ஆற்றிலிருந்து வெட்டிய வாய்க்கால் அது. போகிற வழியில் மூன்றாகப் பிரிந்து, யோசித்துப் பார்த்து, திரும்ப ஒன்றாகிவிடும். ஒரு கரையில் தோட்டத்து றப்பர். மறு கரையில் நாட்டு வயல். ஆனால் றப்பர் மலையில் ஒரு துண்டு, யார் செய்த பிழையோ, மறு கரையில் போய் மாட்டிக்கொண்டது. அந்தத் துண்டில் பால் வெட்டும் வேலை இருபத்தாறு வருஷம் அழகம்மாவுடையது.

விடிவதற்கு முன் ஒரு ஒருவவில் எலயைக் கடந்துபோவார். ஒருவ என்பது குடைந்த மரம். அதில் நின்றபடிதான் கம்பை ஊன்றித் தள்ளுவார்கள். திரும்பி வரும்போது காலடியில் இரண்டு வாளி றப்பர் பால் இருக்கும். ஒரு சொட்டு சிந்தியதில்லை. சிந்தியிருக்கும் என்று கணக்கப்பிள்ளை மூன்று வருஷம் விடாமல் சந்தேகப்பட்டுப் பார்த்து, கடைசியில் சலித்துப்போய் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஸஹாப்தீன் முதலாளியின் மகன் ஹஸீப், ஒரு நாள் காலையில் இந்தக் காட்சியைப் பாலத்திலிருந்து பார்த்தான். ஹஸீப் அப்போதுதான் கட்டாரிலிருந்து திரும்பியிருந்தான். ஆணி விற்பதில் அவனுக்கு மனம் ஒட்டவில்லை. உலகத்தில் சத்தம் கூடிவிட்டது, மௌனத்துக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது, இங்கேயோ அது கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று அவன் கண்டுபிடித்தான். எல ஓரத்து மாணிக்கக் குழிகளில் தண்ணீர் இறைக்கும் பம்புகள் ஏழு மணிக்குத்தான் தொடங்கும். அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேர மௌனத்தைப் பொதி செய்து விற்பதுதான் திட்டம். நட்டப்பட்டு மூடிய ஒரு கடற்கரை ஹோட்டலில் ஆறு செம்மஞ்சள் கயாக்குகள் கிடைத்தன. 'குடா எல அதிகாலை மௌனப் பயணம்' என்று மூன்று மொழிகளில் பலகை எழுதினான். மூன்றிலும் பிழை இருந்தது. ஆகவே எந்தச் சமூகத்துக்கும் மனத்தாங்கல் வரவில்லை.

"அழகம்மாக்கா, ஒங்களுக்கு இந்த எலட ஒவ்வொரு கல்லும் தெரியும். நீங்க வந்தா போதும்" என்றான்.

"வர்றேன் தம்பி. ஆனா அந்தத் தோணியில நிக்க எடமே இல்லியே?"

"நிக்கக் கூடா. இது இருந்து போற தோணி. நின்டா கவுந்துரும்."

"பேசலாமா?"

"பேசவும் கூடா."

அழகம்மாவின் குரல் அப்படிப்பட்டதல்ல. கீழ்க்கணக்கில் நின்று அவர் பக்கத்து வீட்டுப் பெண்ணை "ஏய், தர்மிளா" என்று கூப்பிட்டால், மேற்கணக்கில் இருக்கும் வேறொரு தர்மிளா "என்னாக்கா" என்று பதில் சொல்வாள். அந்தக் குரலைக் கொண்டுபோய் எங்கே வைப்பது?

ஆனாலும் சேர்ந்தார். காரணம் முழங்கால். மலை ஏறி இறங்கி இரண்டும் தேய்ந்துவிட்டன என்று டிஸ்பென்சரியில் சொல்லியிருந்தார்கள். பேச்சுக்குப் பதிலாக ஹஸீப் பதினொரு கைச்சைகைகளை உருவாக்கிக் கொடுத்தான். வலது, இடது, நில், மெதுவாக, பறவை, பெரிய பறவை, கபரகொய்யா என்னும் நீர் உடும்பு, தலையைக் குனி, கிளை, படம் எடுக்கலாம், படம் எடுத்தது போதும். அழகம்மா இரண்டு நாளில் மனப்பாடம் செய்தார். கைக்கு வேலை கிடைத்ததில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஒரு வருஷம் ஓடியது. இதில் சட்டச் சிக்கல் ஒன்று இருந்தது. பயணிகளைத் தண்ணீரில் கூட்டிப்போக வழிகாட்டி அட்டை வேண்டும். அழகம்மாவிடம் அட்டை இல்லை. ஆகவே அட்டை உள்ள இளைஞன் ஒருவன் கித்துல்கலவிலிருந்து வரவழைக்கப்பட்டான். அவன் கடைசிக் கயாக்கில் உட்கார்ந்து தூங்குவான். சட்டப்படி அவன் எல்லோருக்கும் வழிகாட்டினான். நடைமுறையில், தூங்குகிறவன் கிளையில் மோதாதபடி அழகம்மா அவனுக்கு வழிகாட்டினார். அந்த இளைஞன் அடுத்த மாதம் மாலைதீவுக்குப் போகிறானாம்.

அழகம்மாவுக்கு அட்டை கிடைத்தால் பயணம் நடக்கும். கிடைக்காவிட்டால் பலகையைக் கழற்ற வேண்டியதுதான். தேய்ந்த முழங்கால்களோடு அவர் திரும்ப, காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும்.

இது ஒரு காரணம். இன்னொன்றை அவர் யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரங்கள் இருக்கின்றன. பிறப்புப் பத்திரத்தில் அப்பாவின் தொழில், கலியாணப் பத்திரத்தில் அவருடைய தொழில், மகளுடைய பிறப்புப் பத்திரத்தில் தாயின் தொழில். எல்லாவற்றிலும் ஒரே சொல்தான்: தொழிலாளி. அந்தச் சொல்லில் ஒரு குறையும் இல்லை என்று மேதினக் கூட்டங்களில் அழகாகப் பேசுவார்கள். பேசுகிறவர்களின் பத்திரங்களில் அந்தச் சொல் இருப்பதாகத் தெரியவில்லை. அட்டையில் வேறு ஒரு சொல் அச்சடித்திருக்கும். அந்தச் சொல்லுக்காகத்தான் அழகம்மா இரண்டு முறை விண்ணப்பம் போட்டார். இரண்டு முறையும் மழை பெய்து எல பெருகி, சோதனைப் பயணம் தள்ளிப்போனது. மூன்றாவதாகக் கொடுத்த தேதி வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை.

சோதிக்க வருபவர் இரத்தினபுரிக் காரியாலயத்திலிருந்து ரிஸ்லா என்னும் உத்தியோகத்தர். கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: சோதனைப் பயணத்தில் குறைந்தது மூன்று பயணிகள் இருக்க வேண்டும்.

வைகாசியில் குடா எலக்கு எந்தப் பயணி வருவான்? வருவதெல்லாம் அட்டைதான், அதுவும் கடிக்கிற அட்டை. ஹஸீப் தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். கட்டாரில் படித்த நிர்வாகம் கைகொடுத்தது.

"பயணியளுக்கு எங்க போற? நாமளே உண்டாக்குவோம்."

உண்டாக்கப்பட்ட பயணிகள், தோட்டக் குடியிருப்பான லயத்தில் அழகம்மாவின் பக்கத்துக் காம்பராக் குடும்பத்தார். ஓய்வுபெற்ற கங்காணி கன்னையா, வயது அறுபத்து மூன்று. அவருடைய மகன் அஜந்தன், பால் வெட்டுகிறவன். அஜந்தனின் மனைவி தர்மிளா, புள்ளக்காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். மூவரும் கொழும்பிலிருந்து மௌனம் தேடி வந்த குடும்பம் என்று ஏற்பாடு. கன்னையாவுக்கு ஸஹாப்தீன் முதலாளியின் கறுப்புக் கண்ணாடி. அஜந்தனுக்கு ஹஸீபின் கட்டார் தொப்பி. தர்மிளாவுக்கு ஹஸீபின் தங்கையிடம் இரவல் வாங்கிய நீளச் சட்டை.

செவ்வாய்க்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கெல்லாம் அழகம்மா எலக்கரையில் இருந்தார். அதாவது, நடந்துகொண்டிருந்தார். கயாக்குகளைத் துடைத்தார். துடைத்ததைத் திரும்பத் துடைத்தார். ஆறு துடுப்புகளையும் உயரப்படி அடுக்கினார். ஆறும் ஒரே உயரம் என்பது அடுக்கி முடித்த பிறகுதான் உறைத்தது.

"அக்கா, கொஞ்சம் ஒரு எடத்துல இருங்களே. ஒங்களப் பாத்தா எனக்குத் தல சுத்துது" என்றான் ஹஸீப்.

"தோணியில ஒன்ற மணித்தியாலம் இருக்கணும் தம்பி. இப்பயே இருந்துட்டா அங்க முடியாது."

கொழும்புக் குடும்பம் லயத்துப் பக்கமிருந்து டோர்ச் வெளிச்சத்தில் இறங்கி வந்தது.

"மாமா, கண்ணாடியக் கழட்டுங்க. இருட்டுல வடிகான்ல விழுந்துறப் போறீங்க" என்று தர்மிளா கெஞ்சிக்கொண்டு வந்தாள்.

"கொழும்பு ஆளுங்க கழட்ட மாட்டாங்க. நீ சும்மா வா."

"கொழும்பு ஆளுங்க வெத்தல போடுவாங்களா?"

கன்னையா நின்றார். வாயிலிருந்ததை மரியாதையாகத் துப்பினார். "அஜந்தா, ஒம் பொஞ்சாதிக்கு வாய் நீளம்டா."

"மெதுவாப் பேசுங்கப்பா. கணக்கப்புள்ளகிட்ட காய்ச்சல்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றான் அஜந்தன்.

ஐந்தே காலுக்கு முச்சக்கர வண்டியில் ரிஸ்லா மிஸ் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும். பர்தாவுக்கு மேல் தாமே கொண்டுவந்த லைஃப் ஜாக்கெட். கையில் தண்ணீர் புகாத பையில் படிவம். ஸலாம் சொன்ன ஹஸீபுக்குப் பதில் சொல்லிவிட்டு, பயணிகளை ஒரு முறை பார்த்தார்.

"நீங்க கொழும்புல எங்க?"

"கொட்டாஞ்சேனங்க" என்றார் கன்னையா.

"தெஹிவளை" என்றான் அதே நேரத்தில் அஜந்தன்.

"ரெண்டுக்கும் நடுவுல" என்றாள் தர்மிளா.

ரிஸ்லா மிஸ் பேனாவை எடுத்தார். படிவத்தின் ஓரத்தில் ஏதோ எழுதினார். அழகம்மா அடுக்கிய துடுப்புகளைத் திரும்ப அடுக்கினார். இவர் எதை எழுதினார்? அதற்குள் கன்னையா கயாக்கில் ஏறுமுன் செருப்பைக் கழற்றி, கரையில் சோடியாக வைத்து, தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ரிஸ்லா மிஸ் இன்னும் ஒரு வரி எழுதினார்.

இரட்டைக் கயாக்கில் முன்னால் ரிஸ்லா மிஸ், பின்னால் அழகம்மா. இன்னொரு இரட்டையில் தகப்பனும் மகனும். தனிக் கயாக்கில் தர்மிளா. ஹஸீப் கரையில் நின்றுகொண்டு துஆ ஓதினான்.

எலயில் பனி படர்ந்திருந்தது. றப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் சாய்ந்து நின்றன. வெட்டு நனையாதிருக்க அவற்றின் இடுப்பில் கட்டிய மழைப் பாவாடைகளிலிருந்து ராத்திரி மழை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு மீன்கொத்தி விழுந்து எழுந்தது. அழகம்மா 'பறவை' காட்டினார். வலது கரையில் கபரகொய்யா ஒன்று மல்லாந்த மரத்தில் படுத்திருந்தது. அதற்கும் உரிய சைகை காட்டினார். கொழும்புக் குடும்பம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புள்ளக்காம்பரா வாசலில் அது தினமும் வந்து படுக்கும்.

மௌனம் ஏற்பாட்டின்படி இருந்தது. அந்த மௌனத்துக்குள் அழகம்மா ஒரு கணம்கூட நிம்மதியாக இல்லை. கால் கட்டைவிரல்கள் கயாக்கின் அடியில் தாளம் போட்டன. தர்மிளா இடப்பக்கம் ஒதுங்குகிறாள். அஜந்தன் துடுப்பைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான். கன்னையா துடுப்பே போடவில்லை, முன்னால் வேலை நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்கிறார். இத்தனையையும் வாயால் சொன்னால் ஒரு மூச்சில் முடிந்துவிடும். கையால் சொல்லக் கை இரண்டும் துடுப்பில் இருக்கிறது. எதிரே ரிஸ்லா மிஸ்ஸின் முதுகு. முதுகைப் பார்த்து மனிதரின் மனசைக் கண்டுபிடிப்பது எப்படி? அது கொஞ்சம் நிமிர்ந்தால் மகிழ்ச்சியா, கோபமா? தோள் அசைந்தது, எழுதுகிறாரா, சொறிகிறாரா? அழகம்மா அந்த முதுகை இருபது நிமிடம் படித்தார். ஒரு வரியும் விளங்கவில்லை.

எல மூன்றாகப் பிரியும் இடத்தில் கன்னையா தாழ்ந்த குரலில் மகனிடம் கேட்பது, தண்ணீரின் மேல் தெளிவாக வந்தது.

"டேய், இந்த மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியுமா?"

"இவ்வளவு நேரம் எதுலப்பா பேசுனாங்க?"

"இல்ல, முழுசாத் தெரியுமான்னு கேக்குறேன்."

ரிஸ்லா மிஸ்ஸின் முதுகு ஒரு முறை குலுங்கியது. அது சிரிப்பா இருமலா என்று முடிவு செய்வதற்குள், கயாக்குகள் பாலத்தை நெருங்கிவிட்டன.

பாலத்துக்கு இருபது கஜம் கீழே ஒரு சின்ன அணைக்கட்டு உண்டு. அதற்குமேல் எல வழிந்து மூன்றடி கீழே கற்களில் விழுகிறது. பாலத்தடியில் இடப்பக்கம் ஒதுங்கித் திரும்பி வருவதுதான் பயணத்தின் பாதிவழி. நடுவில் போனால் தண்ணீர் இழுக்கும். அழகம்மா 'இடது' காட்டக் கையை உயர்த்தினார்.

அப்போது பாலத்தின்மேல் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து துரை இறங்கினார்.

இவர் தோட்டத்தை நிர்வகிக்க வந்த புதுத் துரை. வந்து இரண்டு மாதம்தான். முப்பது வயதுச் சிங்களப் பிள்ளை, அரைக் காற்சட்டை, நல்ல மாதிரி. பெரட்டு முடிந்து பால் வெட்டுப் பார்க்கப் போகிற வழியில், எலயில் என்னவோ செம்மஞ்சளாகத் தெரிகிறதே என்று ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

தோட்டத்தில் துரை வந்தால் எழுந்து நிற்க வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. வெள்ளைக்காரத் துரை போய்விட்டார். அரசாங்கத் துரை வந்து போனார். இப்போது கம்பனித் துரை. சங்கங்கள் வந்தன, ஒப்பந்தங்கள் வந்தன, லயத்துக்கு ஸ்மார்ட் போன் வந்தது. துரை முகம் தெரிந்ததும் இருந்த இடத்திலிருந்து எழும்புவது மட்டும் எந்தப் பேச்சுவார்த்தையிலும் பேசப்படாமல் முழங்காலிலேயே தங்கிவிட்டது. காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு வந்தவன் துரையைக் கண்டால் தொப்பியை இழுத்துவிட்டுக் குனிந்துகொள்வதுதான் புத்தி. அஜந்தனுக்குப் புத்தி இருந்தது. அது முழங்காலுக்குத் தெரியாது.

கன்னையா எழுந்தார். அஜந்தன் எழுந்தான். தனிக் கயாக்கில் தர்மிளாவும் சட்டையைச் சரிசெய்தபடி எழுந்தாள்.

அழகம்மாவின் முழங்கால்களும் புறப்பட்டன. இருபத்தாறு வருஷம் துரைக்கு எழுந்த கால்கள் அவை. இருபத்தாறு வருஷம் இதே தண்ணீரில் நின்றே போய் வந்த கால்கள். கயாக் ஒரு ஆட்டம் ஆடியது. முன்னால் ரிஸ்லா மிஸ் இரு கையாலும் விளிம்பைப் பிடித்தார். அந்தப் பிடியைப் பார்த்த அழகம்மா, எழும்பிய பாதியிலேயே தம்மைத் தாமே கீழே போட்டார். கீழே போட்டு, இரண்டு முழங்கால்களையும் கயாக்கின் சுவரில் முட்டுக்கொடுத்துப் பூட்டினார்.

பதினொரு சைகைகளில் 'உட்காருங்கள்' என்பதற்குச் சைகை இல்லை. கயாக்கில் யாராவது எழும்புவார்கள் என்று கட்டாரில் படித்தவனுக்குத் தோன்றவில்லை.

"ஒக்காருங்கஅஅஅ!"

ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்த குரல். கொக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் வயலை விட்டுக் கிளம்பின. மேற்கணக்கில் ஒரு நாய் குரைத்தது. கபரகொய்யா மரத்திலிருந்து தண்ணீரில் குதித்தது. பாலத்தோரத்தில் நின்ற துரை, பக்கத்திலிருந்த மதகுக் கட்டின்மேல், ஈரமென்றும் பாராமல், தொப்பென்று உட்கார்ந்தார்.

உட்கார வேண்டியவர்கள் மட்டும் உட்காரவில்லை. உட்கார அவர்களுக்கு இடம் இருக்கவில்லை. கயாக்குகள் ஏற்கனவே கவிழ்ந்திருந்தன.

தகப்பனும் மகனும் கரையோரம் விழுந்தார்கள். அங்கே தண்ணீர் இடுப்பளவுதான். கன்னையா தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து நேராக நின்றார். கறுப்புக் கண்ணாடி முகத்திலேயே இருந்தது. "சலாங்க தொரை" என்றார். வழக்கம் ஒருவாறு நிறைவேறியது.

தர்மிளா விழுந்தது நடுவில். அவளுடைய கயாக் வயிற்றைக் காட்டிக்கொண்டு முன்னால் போனது. அவள் லைஃப் ஜாக்கெட்டில் மிதந்தபடி அதன் பின்னால் போனாள். இரண்டும் போன திசை அணைக்கட்டு.

"அக்கா! அக்கோவ்!"

"மிஸ், துடுப்ப எடுங்க!" என்றார் அழகம்மா. "வலது பக்கம் போடுங்க. வலது! அது ஒங்க சோத்துக் கை மிஸ்! போடுங்க, போட்டுக்கிட்டே இருங்க!"

ரிஸ்லா மிஸ் படிவப் பையைப் பல்லில் கடித்துக்கொண்டு துடுப்புப் போட்டார். அப்படி ஒரு வேலை அவருடைய நியமனக் கடிதத்தில் இருந்திருக்காது. அழகம்மா பின்னாலிருந்து இரண்டு தள்ளு தள்ளி, கயாக்கை இழுவைக்குக் குறுக்கே திருப்பி, அணைக்கட்டுக்கு நாலு முழம் இருக்கையில் தர்மிளாவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"துடுப்பப் புடி! எங்கையப் புடிக்காத, துடுப்ப!"

"ஏறிக்கிறேங்க்கா!"

"ஏறுனா மிஸ்ஸும் வருவாங்க ஒன்னோட! ஏறாத. பின்னால கயித்தப் புடிச்சுத் தொங்கு. காலத் தூக்கி மெதக்க விடு. வாய மூடு, தண்ணி போவுது!"

தர்மிளா தொங்கினாள். கரைக்கு வரும் தூரம் முழுவதும் அழகம்மா வாயை மூடவில்லை. வலது, இடது, மெதுவா, மூச்ச விடு, அஜந்தா கம்பை நீட்டுடா, கம்பு அது இல்லடா மடையா. மௌனப் பயணத்தின் வரலாற்றில் இவ்வளவு பேர் இவ்வளவு ஒழுங்காக ஒரே திசையில் துடுப்புப் போட்டது அதுவே முதல் முறை.

அணைக்கட்டில் முட்டி நின்ற தர்மிளாவின் கயாக்கை அஜந்தன் கம்பால் இழுத்துவந்தான். ஆறு நிமிடத்தில் மூன்று கயாக்குகளும் பாலத்துக்குக் கீழே இடக் கரையில் ஒன்றாக அணைந்து நின்றன. கவிழ்ந்தவர்கள் நிமிர்த்தப்பட்டு, எண்ணப்பட்டு, கயாக்குகளில் திரும்ப வைக்கப்பட்டார்கள். தர்மிளா எலத் தண்ணீரில் பாதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அஜந்தன் அவள் முதுகைத் தட்டினான்.

"ஒனக்குக் காய்ச்சல்தானே? நீ ஏன்டா எந்திரிச்ச?" என்று அவள் இருமலுக்கிடையே கேட்டாள்.

"நீ ஏன்டி எந்திரிச்ச?"

"மாமா எந்திரிச்சாரு. மாமா நிக்கிறப்ப நான் எப்புடி ஒக்காந்திருப்பேன்?"

கன்னையா கண்ணாடியைக் கழற்றித் தண்ணீரை உதறினார். "தொரை எந்திரிக்கச் சொல்லல, அழகு. அவரு மேல தப்பு சொல்லப்புடாது."

அழகம்மா துடுப்பை மடியில் வைத்தார். இப்போதுதான் அவருக்கு எல்லாம் உறைத்தது. அட்டை போய்விட்டது. மூன்று பயணிகளில் மூன்று பேரும் தண்ணீரில். மௌனப் பயணத்தில் மூன்று மைல் கேட்கும் கூச்சல். கொழும்பு என்று சொன்னவர்கள் கொழும்பு இல்லை. உத்தியோகத்தரைத் துடுப்புப் போட வைத்து, சோத்துக் கை எதுவென்றும் சொல்லிக் கொடுத்தாயிற்று. அடுத்த மாதம் பெரட்டுக்கு எந்தச் சேலையைக் கட்டுவது என்ற யோசனைகூட வந்துவிட்டது.

"மிஸ்," என்றார். "பொய் சொன்னது எங்க தப்பு. இவங்க எங்க லயத்து ஆளுங்க. கொழும்பு இல்ல."

"தெரியும்" என்றார் ரிஸ்லா மிஸ், பல்லிலிருந்து பையை எடுத்து. "கொட்டாஞ்சேனைக்கும் தெஹிவளைக்கும் நடுவுல முழுக் கொழும்பும் இரிக்கி. வெத்தல வாசமும் வந்துது. கொழும்பு ஆக்கள் வேணும்டு யாரு சொன்னது? மூணு பேர் வேணும், முன்னுக்கு இந்தப் பயணம் வராத ஆக்களா இருக்கோணும், அவ்வளவுதான். நீங்க மூணு பேரும் முன்னுக்கு வந்திரிக்கிறீங்களா?"

"எங்க லயமே இந்தா அங்கிட்டுத்தான் இருக்கு. நாங்க எதுக்கு வரணும்?" என்றார் கன்னையா, சற்று மனம் புண்பட்டவராக.

"அப்ப சரி."

ஹஸீபின் முழு ஏற்பாட்டுக்கும், கண்ணாடிக்கும், கட்டார் தொப்பிக்கும் எந்தத் தேவையும் இருக்கவில்லை என்று இவ்வாறு உத்தியோகபூர்வமாக நிலைநாட்டப்பட்டது.

ரிஸ்லா மிஸ் கயாக்கிலேயே இருந்தபடி படிவத்தை மடியில் விரித்தார். தலைத்துணியின் நுனியிலிருந்து பேனாமீது தண்ணீர் சொட்டியது. ஒவ்வொரு கேள்வியாக வாய்விட்டுப் படித்தார்.

"பயணம் அமைதியாக நடத்தப்பட்டதா. இல்ல." எழுதினார்.

அழகம்மா கண்ணை மூடினார்.

"நீரோட்டத்தைப் பற்றிய அறிவு. இரிக்கி. பயணிகளை ஆபத்திலிருந்து கரைசேர்க்கும் பயிற்சி. இதுக்கு வேற ஒரு நாள் பொம்ம கொண்டு வந்து தண்ணியில போட்டுச் செய்து பாக்குற. பொம்ம தேவப்படல." எழுதினார். பிறகு தலையைத் திருப்பினார். "ஒரு விஷயம் கேக்கிறன். அவங்க எல்லாரும் எழும்பினாங்க. நீங்களும் எழும்பப் பாத்தீங்க, எனக்கு வெளங்கிச்சு. ஏன் எழும்பல்ல?"

அழகம்மாவுக்கு இதற்கு நல்ல பதிலாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. வாயில் வந்தது இதுதான்.

"நான் எந்திரிச்சா நீங்க விழுந்துருவீங்க மிஸ்."

"துரை கோவிப்பாரே?"

"அவரு கரையில இருக்காரு. அவருக்கு ஒண்ணும் ஆகாது."

ரிஸ்லா மிஸ் இதை எழுதவில்லை. கடைசிக் கேள்விக்குப் போனார். "வழிகாட்டியின் அறிவுறுத்தலுக்குப் பயணிகள் கீழ்ப்படிந்தார்களா." பேனாவை நிறுத்திப் பாலத்தை அண்ணாந்து பார்த்தார். மதகுக் கட்டின்மேல் துரை இன்னும் உட்கார்ந்துதான் இருந்தார். அரைக் காற்சட்டையில் ஈரம் ஏறியிருந்தது. 'பயணிகள் அல்லாதவரும் கீழ்ப்படிந்தார்' என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டார்.

"அட்டை வர ஒரு மாசம் ஆகும். படம் ரெண்டு அனுப்புங்க. தொழில் என்ட எடத்துல வழிகாட்டி என்டு நாங்களே போடுவோம், நீங்க ஒண்டும் எழுதத் தேவில்ல."

அழகம்மா தலையாட்டினார். அவர் இப்படி வாயடைத்து இருந்ததைக் கீழ்க்கணக்கிலிருந்து வந்த மூன்று பேர் நேரில் பார்த்தார்கள். வெளியில் சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

"ஏய்," என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. புதுத் துரைக்குத் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். "நான் சும்மா பாக்க வந்தது. இப்ப எந்திரிக்க ஏலுமா?"

கன்னையாவின் உடம்பு தன்பாட்டில் அசைந்தது. அழகம்மா துடுப்பை நீட்டி அவருடைய தோளை அழுத்தினார். மூன்று கயாக்குகளையும் ஒரு முறை பார்த்தார். தர்மிளா உட்கார்ந்திருக்கிறாள். அஜந்தன் உட்கார்ந்திருக்கிறான், தொப்பிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு. ரிஸ்லா மிஸ் பையை மூடுகிறார்.

"கொஞ்சம் பொறுங்க தொரை," என்றார் அழகம்மா. "மொதல்ல இவங்க கரையேறட்டும்."

"ஹரி, சரி" என்றார் துரை, உட்கார்ந்தபடியே.